சென்னையில் மலை மிதிவண்டி

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான மண் தடங்களிலும் மலைச் சரிவுகளிலும் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி வகை ஆகும். அகன்ற டயர்கள், உறுதியான சட்டகம், நேரான கைப்பிடித் தண்டு, பல அளவிலான பற்சக்கரங்கள், வலிமை மிக்க தடுப்புகள் ஆகியன இதன் முதன்மைப் பண்புகள். பேச்சு வழக்கில் இது எம்.டி.பி. என்றும் கியர் சைக்கிள் என்றும் அழைக்கப்படுகிறது.

சென்னை கடலோரச் சமவெளியில் அமைந்த நகரம். எனினும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் மலை மிதிவண்டிகளைப் பரவலாகக் காணலாம். குண்டும் குழியுமான சாலைகளையும் வேகத்தடைகளையும் அகன்ற டயர் எளிதில் கடப்பதே இதற்குக் காரணம். இந்நகரில் இவ்வண்டியை விரைவில் பழுதாக்குபவை உப்புக்காற்று, மணல், மழைநீர் ஆகிய மூன்றாகும். இவை முதலில் தாக்குவது சங்கிலி, கம்பிவடம், தடுப்பு ஆகிய பாகங்களை. ஆகவே இங்கு பராமரிப்பு என்பது வண்டியின் ஆயுளை மட்டுமன்றி ஓட்டுபவரின் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.

வரலாறு

தோற்றம்

மலை மிதிவண்டி 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் மாவட்டத்தில் உருவானது. அங்குள்ள இளைஞர்கள் 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட பருமனான டயர் கொண்ட பழைய சுவின் மிதிவண்டிகளை வாங்கி, மலைப்பாதைகளில் இறக்கிப் பழகினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் ரீபேக் என்னும் இறக்கப் போட்டி முதன்முதலாக நடத்தப்பட்டது. பழைய வண்டிகளில் மிதிக்கட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் அச்சுக்குடத்திலேயே தடுப்பு இயங்கும். ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதற்குள் அதன் உள்ளிருந்த கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் மீண்டும் நிரப்புதல் எனப் பொருள்படும் ரீபேக் என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது.

ஜோ பிரீஸ் என்பவர் 1977-78-ஆம் ஆண்டுகளில் இப்பயன்பாட்டிற்கெனவே புதிய சட்டகங்களை உருவாக்கினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் 1979-இல் டாம் ரிட்சி செய்த சட்டகங்களைக் கொண்டு வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டு வெளிவந்தது. முதலாவது உலக வாகையர் போட்டி 1990-இல் அமெரிக்காவின் துராங்கோ நகரில் நடைபெற்றது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

சென்னையில் மிதிவண்டி உற்பத்திக்கு நீண்ட பின்னணி உண்டு. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அம்பத்தூரில் ஆலை அமைத்த இந்நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களில் வண்டிகளைத் தயாரித்தது. 1990-களில் எம்.டி.பி. என்னும் எழுத்துகளைத் தாங்கிய ஹெர்குலிஸ் வண்டிகள் பள்ளி மாணவரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. 2000-களின் பிற்பகுதி முதல் வெளிநாட்டு நிறுவனங்களின் வண்டிகளும் நகரின் கடைகளில் கிடைக்கலாயின. 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது மிதிவண்டிகளுக்கான தேவை திடீரென உயர்ந்தது.

போட்டிகளைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டு இமாச்சலப் பிரதேசத்தில் எம்.டி.பி. ஹிமாலயா என்னும் பலநாள் போட்டி தொடங்கியது. 2008 முதல் நடைபெற்ற டூர் ஆஃப் நீலகிரிஸ் சாலைவழிப் பயணமாயினும், நீலகிரி மலைச்சாலைகளை மிதிவண்டி ஆர்வலரிடையே அறிமுகப்படுத்தியது. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டி வாகையர் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடைபெற்றது.

வகைகள்

அதிர்வு தாங்கிகளின் அமைப்பைக் கொண்டு மலை மிதிவண்டிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- விறைப்பு வகை: முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி இல்லாதது. எடை குறைவு, பழுது குறைவு.
- முன்தாங்கி வகை: முன்கவையில் மட்டும் அதிர்வு தாங்கி உடையது. பரவலாக விற்பனையாவது இதுவே.
- இருதாங்கி வகை: முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உடையது. உண்மையான மலையிறக்கத்திற்கு ஏற்றது. விலை மிக அதிகம்.

இவற்றுள் சேராத நான்காவது வகை ஒன்றும் கடைகளில் உண்டு. தோற்றத்தில் மட்டும் மலை மிதிவண்டி போல அமைந்த, விலை குறைந்த வண்டிகளே அவை. பருமனான டயரும் பின்புறச் சுருள்வில்லும் இருந்தாலும், சக்கர வளையம் ஒற்றைச் சுவர் உடையதாகவும், சட்டகம் எடை மிக்க இரும்பாகவும் இருக்கும். மலிவான பின்புறச் சுருள்வில் பயனளிப்பதை விட மிதிக்கும் ஆற்றலை விழுங்குவதே அதிகம். இத்தகைய வண்டிகளின் கையேட்டிலேயே கரடுமுரடான தடத்தில் ஓட்டலாகாது என்ற குறிப்பு காணப்படுவதுண்டு. நகருக்குள் மெதுவாக ஓட்ட இவை போதுமானவை. மலைச்சாலை இறக்கத்திற்கு இவற்றைக் கொண்டு செல்வது ஆபத்தானது.

பாகங்கள்

சட்டகம்

சட்டகம் இரும்பு, குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகு, அலுமினியக் கலவை, கரிம இழை ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்படும். அலுமினியக் கலவை செந்துரு ஏறாதது என்பதால் கடற்கரைப் பகுதிகளுக்குப் பொருத்தமானது. ஆயினும் அதில் பொருத்தப்படும் திருகுகளும் அச்சுகளும் எஃகினால் ஆனவை, அவை துருப்பிடிக்கும். இரும்புச் சட்டகம் வெளியே வண்ணப்பூச்சு நன்றாக இருக்கும்போதே உட்புறம் அரித்துப் போகலாம்.

சக்கரங்கள்

1970-கள் முதல் 26 அங்குலச் சக்கரமே வழக்கில் இருந்தது. பின்னர் 29 அங்குலமும், 2010-களில் 27.5 அங்குலமும் பரவின. இவற்றின் டயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த இயலாது. டயரின் பக்கச் சுவரில் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணே நம்பத்தக்கது. 26 அங்குல மலை மிதிவண்டிக்கு 559 என்றும், 27.5-க்கு 584 என்றும், 29-க்கு 622 என்றும் இருக்கும். டயர் வாங்கச் செல்பவர் இந்த எண்ணைக் குறித்துச் செல்வது நல்லது.

காற்று வாயும் மூன்று வகைப்படும். பழைய மிதிவண்டிகளில் ரப்பர் வால்டியூப் பயன்பட்டது. மலை மிதிவண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களில் உள்ளதைப் போன்ற ஷ்ரேடர் வாய் இருக்கும். இதற்குப் பெட்ரோல் நிலையத்திலேயே காற்றடிக்கலாம். மெலிந்த பிரெஸ்டா வாய் உள்ள வண்டிகளில், நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திய பின்னரே காற்றடிக்க வேண்டும். சாதாரண பம்பு பொருந்த ஒரு சிறு பித்தளை இணைப்பியும் தேவை.

சங்கிலியும் பற்சக்கரங்களும்

முன்புறம் ஒன்று முதல் மூன்று பற்சக்கரங்களும், பின்புறம் 6 முதல் 12 பற்சக்கரங்களும் இருக்கும். சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கருவி சங்கிலி மாற்றி ஆகும். கடைகளில் இது டீரெய்லர் எனப்படும். பின்புறப் பற்சக்கரத் தொகுதி குடத்தின் மீது மரையாகத் திருகப்படும் ஃப்ரீவீல் வகையாகவோ, செருகப்படும் கேசட் வகையாகவோ இருக்கலாம். ஃப்ரீவீல் வகையில் அச்சின் தாங்கிகள் உட்புறமாக அமைவதால், குழிகளில் இறங்கும்போது அச்சு வளையும் வாய்ப்பு அதிகம்.

தடுப்புகள்

- வி-தடுப்பு: ரப்பர் கட்டைகள் சக்கர வளையத்தை அழுத்தும். எளிது, மலிவு; மயிலாப்பூர்த் தெருமுனைக் கடையிலும் பழுது பார்க்கலாம். மழையில் பிடிப்பு குறையும்.
- கம்பிவட வட்டுத் தடுப்பு: சக்கர மையத்திலுள்ள எஃகு வட்டைக் கட்டைகள் அழுத்தும். மழையிலும் பிடிப்பு உண்டு. கம்பிவடத்தை அடிக்கடி இறுக்க வேண்டும்.
- நீர்ம வட்டுத் தடுப்பு: கம்பிவடத்திற்குப் பதிலாக நீர்மத்தின் அழுத்தத்தால் இயங்குவது. விரல் நுனியில் இயக்கலாம். பழுது பார்க்கத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை.

இந்தியாவில் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் வலக்கை நெம்பு முன்தடுப்பையும் இடக்கை நெம்பு பின்தடுப்பையும் இயக்கும். இறக்குமதி வண்டிகளில் இது மாறியிருக்கலாம். புதிய வண்டியையோ பிறர் வண்டியையோ எடுக்கும்போது முதலில் இதைச் சோதிக்க வேண்டும்.

சென்னைச் சூழலின் தாக்கம்

உப்புக்காற்று

பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலுள்ள உப்புத்துகள் உலோகத்தின் மீது படிந்து ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஓட்டப்படாமல் மாடத்தில் நிற்கும் வண்டியும் இதனால் துருப்பிடிக்கும். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்வேதியியல் அரிப்பு ஏற்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இருக்கைத் தண்டும் மிதிக்கட்டைகளும் கழற்ற முடியாதபடி இறுகிப்போவது இதனால்தான். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இவற்றைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவுவது இதைத் தடுக்கும். இடப்புற மிதிக்கட்டையின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. அதைக் கழற்ற வலப்புறமாகச் சுழற்ற வேண்டும். இதை அறியாமல் வலிந்து திருகினால் மிதிக்கட்டை மேலும் இறுகும், மரையும் கெடலாம்.

நெகிழித் தார்ப்பாயால் வண்டியை மூடிவைப்பது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பழைய பருத்தித் துணியால் மூடுவது நல்லது.

மணல்

எண்ணெய் தடவிய சங்கிலியில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் போலச் சங்கிலியையும் பற்களையும் தேய்க்கும். எலியட்ஸ் கடற்கரையின் ஈர மணலில் ஓட்டுவது வண்டிக்கு மணலையும் உப்புநீரையும் ஒருசேர ஊட்டுவதாகும். மேலும், பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான கடற்கரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடம். ஏறத்தாழ சனவரி முதல் மார்ச் வரையிலான இப்பருவத்தில் தன்னார்வலர்கள் இரவு முழுவதும் நடந்து கூடுகளைக் காக்கின்றனர். அக்காலத்தில் மணற்பரப்பில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது கடமையாகும்.

மழைநீர்

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. தாழ்வான தெருக்களில் சக்கரத்தின் நடுப்பகுதி வரை நீர் தேங்குவதுண்டு. குடம் நீரில் மூழ்கினால் தாங்கிகளுக்குள் சேற்றுநீர் புகுந்து கிரீசை வெளியேற்றிவிடும். அவ்வாறு மூழ்கிய வண்டியை வெளியே துடைத்துவிட்டு அப்படியே ஓட்டினால், சில வாரங்களில் உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகள் குழிவிழுந்து, சக்கரம் கரகரவெனச் சுழலத் தொடங்கும். 2015 திசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் வாகனங்கள் நீரில் மூழ்கின.

பராமரிப்பு

கால அட்டவணை

- ஒவ்வொரு முறை ஓட்டும் முன்: டயரில் காற்று, இரு தடுப்புகளின் பிடிப்பு, சக்கரங்களின் இறுக்கம்.
- வாரம் ஒருமுறை: சங்கிலியை உலர் துணியால் துடைத்து எண்ணெயிடுதல், டயரில் கண்ணாடித் துண்டு, கம்பி உள்ளனவா எனப் பார்த்தல்.
- மாதம் ஒருமுறை: தடுப்புக் கட்டைகளின் தேய்மானம், கம்பிவடங்களின் நுனி, ஆரக்கம்பிகளின் இறுக்கம், திருகுகள்.
- ஆறு மாதங்களுக்கு ஒருமுறை: இருக்கைத் தண்டு, மிதிக்கட்டைகள் ஆகியவற்றைக் கழற்றி கிரீஸ் தடவுதல், சங்கிலி நீட்சியை அளத்தல்.
- ஆண்டுக்கு ஒருமுறை: முழுமையாகப் பிரித்துச் சீரமைத்தல். கடைகளில் இது ஓவராயில் எனப்படும். பருவமழை ஓய்ந்த தை மாதம் இதற்கு ஏற்ற காலம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்யலாம். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், திருப்புளி, டயர் கழற்றும் நெகிழி நெம்புகள் இரண்டு, பம்பு, பஞ்சர் ஒட்டுகள், பழைய பல்துலக்கி, கிழிந்த பருத்தி வேட்டி ஆகியன போதும்.

சங்கிலி

சங்கிலியைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த துணியைப் பயன்படுத்துவது வழக்கம். அது தாங்கிகளுக்குள்ளோ வட்டுத் தடுப்பின் மீதோ படக்கூடாது. முற்றிலும் உலர்ந்த பின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி வீதம் எண்ணெய் விட்டு, மிதிக்கட்டையைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றி, வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது இணைப்புகளின் உட்புறத்தில்தான். வெளிப்புறத்து எண்ணெய் மணலையே சேர்க்கும்.

எண்ணெய்த் தேர்வில் கருத வேண்டியவை:

- மிதிவண்டிச் சங்கிலிக்கெனவே விற்கப்படும் எண்ணெய் சிறந்தது. மழைக்காலத்திற்குக் கெட்டியானதும் கோடைக்கு மெல்லியதும் பொருந்தும்.
- தையல் இயந்திர எண்ணெய் கம்பிவடங்களுக்கு ஏற்றது. சங்கிலியில் ஒரு மழையிலேயே கழுவப்பட்டுவிடும்.
- தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியன காலப்போக்கில் பிசினாக மாறும்.
- மோட்டார் வண்டியிலிருந்து வடிக்கப்பட்ட பழைய எண்ணெயில் உலோகத் துகள்கள் இருக்கும். அது தேய்மானத்தை விரைவுபடுத்தும்.
- துரு நீக்கத் தெளிக்கும் திரவம் இறுகிய திருகைத் தளர்த்தவே உதவும், எண்ணெய்க்கு மாற்றாகாது.

சங்கிலியின் நீட்சியை எஃகு அளவுகோலால் அளக்கலாம். புதிய சங்கிலியில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 24 இணைப்புகள் தள்ளியுள்ள ஊசியின் மையம் வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். இது 12 1/16 அங்குலமானால் சங்கிலியை மாற்ற வேண்டும். 12 1/8 அங்குலத்தைத் தொட்டுவிட்டால் பின்புறப் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்; புதிய சங்கிலி அவற்றின் மீது வழுக்கும். உரிய காலத்தில் சங்கிலியை மட்டும் மாற்றுவது, பின்னர் எல்லாவற்றையும் மாற்றும் செலவைத் தவிர்க்கும்.

தடுப்பு

வி-தடுப்பின் கட்டையில் உள்ள வரிப்பள்ளங்கள் மறைந்தால் அதை மாற்ற வேண்டும். கட்டையில் பதிந்த மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் அகற்றாவிட்டால் அவை சக்கர வளையத்தை அறுக்கும். கட்டை டயரின் பக்கச் சுவரைத் தொடவே கூடாது. தொட்டால் டயர் அறுந்து வெடிக்கும்.

வட்டுத் தடுப்பின் வட்டைக் கையால் தொடலாகாது. விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே பிடிப்பைக் குறைக்கும். ஓட்டி நிறுத்தியவுடன் தொட்டால் கையும் சுடும். சங்கிலிக்கு எண்ணெய் தெளிக்கும்போது வட்டை ஒரு துணியால் மூட வேண்டும். அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு துடைக்கலாம். கட்டையின் உராய்வுப் பொருள் 1 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

தடுப்பு நெம்பை முழு வலிமையுடன் அழுத்தும்போது அது கைப்பிடித் தண்டைத் தொடுமானால் அவ்வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லலாகாது. கம்பிவடத்தின் நுனியில் ஓரிரு இழைகள் அறுந்திருந்தால் மீதமுள்ளவையும் விரைவில் அறும். கம்பிவடத்தின் விலை மிகக் குறைவு என்பதால் இதில் சிக்கனம் பார்ப்பது பொருத்தமன்று.

காற்றழுத்தமும் பஞ்சரும்

டயரின் பக்கச் சுவரில் குறைந்த, மிகுந்த அழுத்த அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். 1.95 அங்குல அகலமுள்ள டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் தார்ச்சாலையில் ஓட்ட ஏறத்தாழ 45 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் பொருந்தும். மண் தடத்தில் 30 முதல் 35 வரை குறைக்கலாம். பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும்போது, மிதிவண்டி டியூபின் கொள்ளளவு சிறியது என்பதால், விட்டுவிட்டு நிரப்ப வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, குத்திய பொருளைக் கண்டு நீக்க வேண்டும். கனரக வாகன டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதை நீக்காமல் புதிய டியூப் போட்டாலும் அடுத்த தெருவிலேயே மீண்டும் காற்றிறங்கும். ஒட்டுப்பசையைத் தடவியவுடன் ஒட்டைப் பதிக்காமல், சில நிமிடங்கள் உலரவிட்டுப் பின் அழுத்துவதே முறை.

மழையில் நனைந்த பின்

வண்டியை நன்னீரால் கழுவ வேண்டும். நிலத்தடி நீர் உப்பாக உள்ள வீடுகளில் குடிநீர் வாரிய நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்தலாம். அழுத்தம் மிக்க குழாய் நீரைக் குடத்தின் மீதும் மிதியச்சின் மீதும் பீய்ச்சினால் கிரீஸ் வெளியேறும். வாளியும் துணியும் போதும். பின்னர் இருக்கைத் தண்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சட்டகத்தினுள் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். நீர்மத் தடுப்புள்ள வண்டியை நெடுநேரம் தலைகீழாக வைத்தல் கூடாது. இறுதியாகச் சங்கிலியை உலர்த்தி உடனே எண்ணெயிட வேண்டும். ஓர் இரவு தாமதித்தாலும் சங்கிலியில் செந்நிறத் துரு தோன்றும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- சட்டகத்தின் மேல்தண்டின் மீது கால்களை அகற்றி நிற்கும்போது குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குழந்தை வளர்ந்துவிடும் என்று பெரிய வண்டி வாங்கிக் கொடுப்பது அவசர நேரத்தில் கால் ஊன்ற முடியாமல் செய்யும்.
- குதிகாலை மிதிக்கட்டையின் தாழ்ந்த நிலையில் வைத்தால் முழங்கால் நேராக நிற்குமளவு இருக்கை உயரம் அமைய வேண்டும். தண்டிலுள்ள குறைந்தபட்ச செருகு கோடு வெளியே தெரியக் கூடாது.
- ஒரே விலையில் மலிவான இருதாங்கி வண்டியும் தாங்கியற்ற வண்டியும் இருந்தால் பின்னதே நல்ல சக்கரங்களும் தடுப்புகளும் கொண்டிருக்கும்.
- பழைய வண்டியாயின் இருக்கைத் தண்டும் மிதிக்கட்டைகளும் கழல்கின்றனவா, சக்கரத்தில் கோட்டம் உள்ளதா, சட்டகத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் உண்டா எனப் பார்க்க வேண்டும்.
- பூட்டுக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டும். விரைவில் கழலும் சக்கரங்கள் உடைய வண்டியைச் சக்கரத்தில் மட்டும் பூட்டினால் மீதி வண்டி களவு போகலாம். சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பத்துடன் பிணைப்பதே பாதுகாப்பு.

பயணத் தடங்கள்

நகருக்குள்

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் வழியாகக் காமராசர் சாலையில் கலங்கரை விளக்கம் முதல் உழைப்பாளர் சிலை வரை செல்லும் தடம் விடியற்காலையில் தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் பங்குனிப் பெருவிழாவின்போது, குறிப்பாக அறுபத்து மூவர் நாளன்று, வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நன்று. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் வண்டியைத் தள்ளிச் செல்லவும் இடமிராது. 2019-இல் பாண்டி பசார் பகுதியில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடைபாதை நடப்பவருக்கே உரியது. 2020-களில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மயிலாப்பூர், அடையாறு, பனகல் பூங்கா பகுதிகளின் சாலைகள் தடுப்புகளால் குறுக்கப்பட்டன. இத்தகைய இடங்களில் பேருந்துக்கும் தடுப்புக்கும் இடையே நுழைவது உயிருக்கு ஆபத்து.

நகருக்கு அருகில்

அடையாற்றிலிருந்து திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சென்று திரும்பும் பயணம் வார இறுதிகளில் பலராலும் மேற்கொள்ளப்படுகிறது. மாமல்லபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. இச்சாலையில் தானுந்துகள் மிகு வேகத்தில் செல்வதால், சூரிய உதயத்தையொட்டிப் புறப்பட்டு வெயிலேறும் முன் திரும்புவது பொதுவழக்கு. தார்ச்சாலையில் நெடுந்தொலைவு செல்பவர் முட்கள் நிறைந்த டயருக்குப் பதிலாக வழவழப்பான, மெலிந்த டயரைப் பொருத்தினால் களைப்பு குறையும்.

ஏற்றப் பயிற்சிக்கு நகரில் பரங்கிமலை உள்ளது. ஏறத்தாழ 90 மீட்டர் உயரமுள்ள இம்மலை கிறித்தவத் திருத்தலமாதலால் அமைதி காக்க வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகள் மிதிவண்டித் தடங்கள் அல்ல. பிற காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி தேவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தனர். கோடையில் காட்டுக்குள் நுழைவதன் ஆபத்தை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

மலைச்சாலைகள்

தமிழகத்தில் ஏலகிரி மலைச்சாலையில் 14, ஏற்காட்டுச் சாலையில் 20, கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு ஏற்றத்தை விட இறக்கமே கடினமானது. தடுப்பை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கர வளையமோ வட்டோ சூடேறிப் பிடிப்பு குறையும். வி-தடுப்பு வண்டிகளில் டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே இரு தடுப்புகளையும் சிறிது நேரம் நன்கு அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விடுவித்து ஆறவிட வேண்டும். முன்தடுப்பை மட்டும் திடீரென அழுத்துவது ஓட்டுபவரை முன்னே தூக்கி எறியும். சென்னையில் புறப்படும் முன்பே தடுப்புக் கட்டைகளைப் புதுப்பித்து, மாற்றுக் கட்டை ஓரிணையைக் கையில் எடுத்துச் செல்வது நன்று.

பாதுகாப்பு

இந்தியாவில் மிதிவண்டி ஓட்ட உரிமம் தேவையில்லை. தலைக்கவசம் அணிவது ஓட்டுபவரின் பொறுப்பு. முகவாயின் கீழ் வார் ஒரு விரல் நுழையுமளவே தளர்ந்திருக்க வேண்டும். மலை மிதிவண்டிகள் பலவும் விளக்கின்றி விற்கப்படுவதால், முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் தனியே பொருத்துதல் வேண்டும்.

மழையில் வி-தடுப்பு வளையத்திலுள்ள நீரைத் துடைத்த பின்னரே பிடிக்கும். ஆகவே வழக்கத்தை விட முன்னதாகவே மெதுவாக அழுத்தத் தொடங்க வேண்டும். சாலையில் வரையப்பட்ட வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் ஈரத்தில் வழுக்கும்.

நீர் தேங்கிய தெருவில் தரை தெரியாவிட்டால் ஓட்டுதல் கூடாது. வெள்ளம் வடிவதற்காக மழைநீர் வடிகாலின் மூடிகள் திறந்து விடப்பட்டிருக்கலாம். அகன்ற டயரோ அதிர்வு தாங்கியோ திறந்த குழியிலிருந்து காக்காது. நடைபாதை ஓரத்து மின்பகிர்வுப் பெட்டிகள் நீரில் மூழ்கியிருந்தால் அத்தெருவிற்குள் நுழையவே கூடாது. நீர் வடியும் வரை காத்திருப்பதோ வேறு வழியில் சுற்றிச் செல்வதோ மட்டுமே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- பற்சக்கரம்
- துருப்பிடித்தல்
- வடகிழக்குப் பருவமழை
- பங்குனி ஆமை